ஒத்தக்கண்ணனும் முளைவிட்ட தவளையாரும்

பிப்ரவரி 28, வெள்ளி

சுண்டெலியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, ஆகவே மூன்று மாதத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்ப ஆலோசகர் அம்மா சொன்னார். எழுதுகிறேன். கடிதம் சுண்டெலியின் பள்ளிப் பையில் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கும். பள்ளியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போனதும் எடுத்துப் படியுங்கள். அதன் மேல் ஜாம் கொட்டுவதற்கு முன்பாக.

இந்த வாரமும் தடிப்பு வந்துவிட்டது. கன்னம், கழுத்து, முழங்கையின் உள்பக்கம். மூன்று வாரமாக அதே இடங்கள். ஏதோ ஒன்று தோலில் படுகிறது, அது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் டாக்டர். அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவது பொம்மைகளை. அந்தப் பொம்மைகள் வாரத்தில் மூன்று நாள் இருப்பது உங்கள் வீட்டில். உங்கள் வீடு பாதி வீடு, பாதி வாஷிங் மெஷின் பட்டறை. சோபாவில் உட்கார்ந்தால் யார் வீட்டு மோட்டாராவது முதுகில் குத்தும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கரடியின் இடது கண்ணைக் காணோம். உங்களிடம் வரும்போது இரண்டு கண் இருந்தது. திரும்பும்போது ஒன்றுதான். விழுங்கிவிட்டாளோ என்று எக்ஸ்ரே எடுக்க ஓடினேன். வயிற்றில் இல்லை. அந்த அரை மணி நேரம் கிளினிக் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்கு ஒரு ஜோக் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் குதிரைக்கு இரண்டு கால் வளைந்திருக்கிறது. அதற்கும் காரணம் எழுதவும்.

ஏப்ரல் 4 அன்று ஆலோசகர் அலுவலகத்தில், பிள்ளை யாரிடம் எத்தனை நாள் என்ற ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் இது நிற்காவிட்டால், உங்கள் வீட்டில் இரவு தங்குவது இனி கிடையாது. சனிக்கிழமை பூங்காவில் இரண்டு மணி நேரம், நான் பார்க்கிற தூரத்தில், பெஞ்சில். நிச்சயமாகக் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா


மார்ச் 2, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜாம் கொட்டவில்லை. கொட்டியது தக்காளி சாஸ், அதுவும் கவரில் மட்டும்தான்.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன், நீ மருந்துக்கடையில் டாக்டர் கிறுக்கலையே படிக்கிறவள். என் எழுத்து உனக்குக் கஷ்டமாக இருக்காது என்ற தைரியத்தில் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குதிரை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வீடு மாறிப் போன ஒருவருடைய டிஷ்வாஷர் என் சமையலறையில் நிற்கிறதே, பிளாஸ்டிக் பொம்மைகளை எல்லாம் அதில்தான் கழுவுகிறேன். மேல் தட்டில் வைக்க வேண்டும். கீழ்த் தட்டுக்கு அடியில் சூடேற்றும் கம்பி இருக்கிறது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவன் நான்தான். குதிரையைக் கீழே வைத்தேன். வெளியே எடுக்கும்போது உட்காரலாமா எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. சுண்டெலி கேட்டாள், "அப்பா, குதிரைக்குக் கால் வலிக்குதா?" "இல்லடா, வணக்கம் சொல்லுது"ன்னேன். அன்று முழுக்க இரண்டு பேரும் குதிரைக்குப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மற்றபடி ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டில் பொம்மைக் குளியல் நடக்கிறது. கட்டிட விளையாட்டுத் துண்டுகளை வலைப்பையில் போட்டு, வாயைக் கட்டி டிஷ்வாஷரில் வைப்பேன். கார், வாத்து, சொப்பு எல்லாம் மேல் தட்டில். பேட்டரி உள்ளதைத் துடைப்பதோடு சரி. துணிப் பொம்மைகளைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வாஷிங் மெஷினில், ஒரு மூடிக்கும் குறைவான சோப்பு, இரண்டு தடவை அலசல். நாள் முழுக்க ஐந்து வீட்டு மெஷினைக் கழற்றுகிறவன் நான். அழுக்கு எங்கே போய் ஒளியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாம்.

கரடியின் கண் என் வீட்டில் தொலையவில்லை. சத்தியம். எக்ஸ்ரே எடுத்த அன்று ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம். ஜோக் அடித்திருக்க மாட்டேன். அவனுக்கு ஒத்தக்கண்ணன் என்று சுண்டெலியே பேர் வைத்துவிட்டாள்.

பூங்கா பெஞ்சுக்கு நான் வர மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்வையாளர் நேரத்தில் பார்க்க நான் என்ன ஜெயிலிலா இருக்கிறேன்? ஒரே ஒரு கேள்வி. தடிப்பு எந்தக் கிழமை வருகிறது?

இப்படிக்கு,
பட்டறைக்காரன்


மார்ச் 7, வெள்ளி

சுண்டெலியின் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை. எப்போதும் செவ்வாய்தான். ஞாயிறு மாலை உங்கள் வீட்டிலிருந்து வருகிறாள், செவ்வாய் காலை சிவந்து நிற்கிறது. கணக்கு உங்களுக்கே புரியும்.

தலையணை உறை, முடிச்சு, மேல் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் படிக்க நன்றாக இருந்தது. உங்கள் கதைகள் எப்போதுமே கேட்க நன்றாக இருக்கும். எட்டு வருஷம் கேட்டவள் நான். அதனால்தான் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் படியேறி வந்ததும் துணிப் பொம்மைகள் எல்லாவற்றையும் பையிலிருந்து நேரே என் மெஷினில் போட்டுத் திரும்பத் துவைக்கிறேன். ஒரு மாதமாக இப்படித்தான். இரண்டு மூடி சோப்பு ஊற்றி. அப்படித் துவைத்தும் தடிப்பு வருகிறதென்றால் உங்கள் வீட்டு அழுக்கு எத்தனை கெட்டி என்று பாருங்கள்.

இன்னொன்று. இந்த வாரம் தவளைப் பொம்மையையும் எடுத்து வருவேன் என்று அடம் பிடித்துக் கொண்டுவருகிறாள். அதைத் துவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் தைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அவள் அம்மா


மார்ச் 9, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

இரண்டு மூடியா!

மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றுகொண்டு, "சீக்கிரம் குணமாகட்டும்னு ரெண்டு மாத்திரையா போட்டுக்காதீங்க, அளவு தாண்டினா மருந்தே வியாதி ஆயிடும்"னு நாள் முழுக்கச் சொல்கிறவள் யார்? வீட்டுக்கு வந்து பொம்மைக்கு இரண்டு மூடியா? நான் சிரித்த சிரிப்பில் சுண்டெலி பயந்து, "அப்பா, தண்ணி குடி"ன்னாள்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். ஒரு மாதமாகத் திரும்பத் துவைக்கிறேன் என்கிறாய். தடிப்பும் ஒரு மாதமாகத்தான். ஞாயிறு மாலை நீ துவைக்கிறாய், திங்கள் காய்கிறது, அன்று ராத்திரி அவள் கட்டிக்கொண்டு தூங்குகிறாள், செவ்வாய் சிவக்கிறது. என் வீட்டில் வெள்ளி, சனி இரண்டு ராத்திரி அதே பொம்மைகளோடு தூங்குகிறாள். ஞாயிறு காலை அவள் கன்னத்தைப் பார், தேங்காய்ப் பத்தை மாதிரி இருக்கும். தொழில் முறையில் சொல்கிறேன், கோபப்படாதே: தப்பு உன் மெஷினில் இருக்கிறது.

கதவைத் திறந்தால் வட்டமாக ஒரு சாம்பல் நிற ரப்பர் இருக்கும். அதன் மடிப்பை விரலால் விரித்து ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடை. துணியின் நிறத்தை எனக்கு எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தவளையார் விஷயம். சனிக்கிழமை காலை அவர் தலையில் ஒரு டம்ளர் பால் கவிழ்ந்தது. பாலைத் துடைத்தால் மூன்றாம் நாள் வீடே நாறும். அதனால் ஆறின தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில் போட்டேன். பாதியில் பெல்ட் அறுந்து மெஷின் நின்றுவிட்டது. ஊர் மெஷின் எல்லாம் ஓடும், என் மெஷின் மட்டும் என்னைப் போலவே பாதியில் நிற்கும். கீழே இருக்கிற ஃபில்டர் மூடியைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்று வாடிக்கைக்காரர்களுக்கு வகுப்பெடுப்பேன். எனக்குக் குனிய உடம்பு வளையவில்லை. பின்னால் இருக்கும் குழாயைத் தரைக்கு இறக்கி, வாளியில் பிடித்துக் கொட்டினேன். தவளையார் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் இருந்தார். தவளைதானே, பழக்கம் இருக்கும்.

இப்போது ஈரத்துண்டில் சுற்றி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இளஞ்சூட்டில் வைத்திருக்கிறேன். காய்ந்ததும் அடுத்த வாரம் வருவார்.

இப்படிக்கு,
சத்தியமாக ஒரு மூடிக்காரன்


மார்ச் 14, வெள்ளி

சுண்டெலியின் அப்பாவுக்கு,

நீங்கள் என் வீட்டு வாசற்படியை மிதித்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே இருந்தபடி என் மெஷினைக் குற்றம் சொல்கிறீர்கள். நான் மடிப்பையும் விரிக்கவில்லை, துணியையும் விடவில்லை. விட மாட்டேன். என் வீட்டில் என்ன சுத்தமாக இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லும் வேலையை நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்கள். ஞாபகம் இருக்கட்டும்.

நீங்கள் சொல்வதுபோலவே வைத்துக்கொண்டாலும், அதே மெஷினில்தான் அவளுடைய சட்டையும் போர்வையும் துவைக்கிறேன். முதுகில் தடிப்பு இல்லை, காலில் இல்லை. பொம்மை படுகிற இடத்தில் மட்டும் ஏன்? பதில் இருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தது. களிம்பு போட்டேன். "அம்மா, எரியுது. தவளையார் எங்கே?" ஐந்து ராத்திரியும் இதே கேள்வி. துடைத்தால் போதும் என்று எழுதினேன். ஒரே ஒரு வரி. அதைக்கூட...

ஞாயிற்றுக்கிழமை தவளை வந்தாக வேண்டும். ஏப்ரல் 4-க்கு மூன்று வாரம் இருக்கிறது. பூங்காவில் எந்த பெஞ்சில் நிழல் விழும் என்று பார்த்து வைத்துவிட்டேன்.

அவள் அம்மா


மார்ச் 16, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டெலி, "தவளையார் எங்கே?" என்றாள். அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. ஐந்து நாளாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளே போய்த் துண்டோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பிரித்தாள். அப்புறம் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"அப்பா! தவளையாருக்கு மீசை முளைச்சிடுச்சு!"

மீசை மட்டுமா? தையல் போட்ட இடத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக, அக்குளில், தாடையில், முதுகில். சில இடத்தில் இரண்டிரண்டு வெளிறிய இலை. வயிறு ஒன்பது மாதம் மாதிரி புடைத்திருந்தது. அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. பச்சைப்பயறு. நீ கிலோக் கணக்கில் பயறு போட்டுத் தைத்தாய். குழந்தை மடியில் கனமாக உட்கார வேண்டும், யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னாய். பயறு முளைகட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் செய்ததை அப்படியே சொல்லலாம். ஒரு ராத்திரி ஊற வை, ஈரத்துணியில் சுற்று, இளஞ்சூட்டில் வை, மறந்துவிடு. கடைசிப் பகுதியில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

நீ எழுதியது சரி. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நாம் முதலில் இருந்த வீட்டின் பச்சைத் திரைச்சீலையை நீ வெட்டினாய். நான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் யாரோ மெஷின் நின்றுபோச்சு என்று கூப்பிட்டார்கள், புனலை உன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இவ்வளவும் ஞாபகம் வந்தது, இலை விட்ட பிறகு. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஜோக் இல்லாமல் கேட்கிறேன்.

தவளையாரைப் பிரித்து முளைகளை ஒரு தொட்டியில் நட்டோம். தோலை மட்டும் துவைத்து, உலர்த்தி, பையில் வைத்திருக்கிறேன். சுண்டெலி அழவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "உள்ளே இருந்தவங்க எல்லாரும் வெளியே வந்துட்டாங்க"ன்னாள்.

ஆனால் தடிப்பு விஷயத்தில் மன்னிப்பு கிடையாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. சட்டை மெல்லிசு, அலசினால் சோப்பை விட்டுவிடும். பொம்மையின் வயிற்றுப் பஞ்சு விடாது. உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவள் வியர்வையோடு இறுக்கிப் பிடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சட்டைக்கு நீ இரண்டு மூடி ஊற்றுவதில்லை, பொம்மைக்கு மட்டும்தான் ஊற்றுகிறாய், என் மேல் இருக்கிற கோபத்தில்.

பந்தயம் கட்டுகிறேன். இந்த வாரம் பொம்மைகளைத் திரும்பத் துவைக்காதே. என் வீட்டிலிருந்து வந்தபடியே அவளிடம் கொடு. செவ்வாய்க்கிழமை தடிப்பு வந்தால் ஏப்ரல் 4 அன்று நானே போய், இரவு தங்கல் வேண்டாம், பெஞ்சே போதும் என்று கையெழுத்துப் போடுகிறேன். உன் நிழல் பெஞ்சிலேயே உட்காருகிறேன்.

இப்படிக்கு,
தவளை விவசாயி


மார்ச் 18, செவ்வாய்

உங்கள் பந்தயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வரவில்லை, அதனால் துவைக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் பார்த்தேன். கன்னத்தில் ஒன்றும் இல்லை. மாலைக்குள் வரலாம்.

புதன்

இல்லை.

வியாழன்

இல்லை. முழங்கையின் உள்பக்கம் பழைய தடம் மங்கிக்கொண்டு வருகிறது. அவள் ஒத்தக்கண்ணனை முகத்தோடு அழுத்திக்கொண்டு தூங்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

சுண்டெலியின் அப்பாவுக்கு,

ஒரு நோயாளி பிழைத்தால் மருந்து நல்லது என்று ஆகிவிடாது. ஒரு வாரம் எதையும் நிரூபிக்காது. இன்னொரு வாரம் பார்க்கிறேன். இந்த வாரமும் தண்ணீர் வராமல் இருக்கலாம்.

தவளையின் தோலைப் பார்த்தேன். வலது கால் தையல் விட்டிருக்கிறது. இலை வந்தது உண்மையா, நீங்கள் சேர்த்துக்கொண்டதா? உங்கள் மகள் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல தவளை என்ன சாப்பிடுது?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவள் அம்மா


மார்ச் 23, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

இலை உண்மை. இதோ ஒன்று காகிதத்தில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். குதிக்க முடியவில்லை. நேற்று ஒரு வீட்டில் மெஷின் நாறுகிறது என்று போனேன். கீழே சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினேன். அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் முழுசாக வெளியேறாமல், அலசுகிற தண்ணீரே அழுக்குத் தண்ணீராக இருந்திருக்கிறது. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழற்றுவீங்க?" என்று கேட்டேன். "கழற்றணுமா? யாரும் சொல்லலையே" என்றார் அந்த அம்மா. கையில் அழுக்கோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

உன் மெஷினை நான்தான் பழசு வாங்கிச் சரி பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று நீ கேட்டாய். "அதை நான் பார்த்துக்கறேன், நீ கை வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை பண்றேன்"னு சொன்னேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. அப்புறம் நானே அந்த வீட்டில் இல்லை. ஆகவே சோப்பு உன்னுடையது, அழுக்கு என்னுடையது.

ஒரு கால் மணி நேரம் கொடு. கருவிப் பெட்டியோடு வந்து சுத்தம் பண்ணிவிட்டுப் போகிறேன். நீ பக்கத்து வீட்டில் இருந்துகொள். தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமை


மார்ச் 28, வெள்ளி

சுண்டெலியின் அப்பாவுக்கு,

வர வேண்டாம்.

மெஷினோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. நீங்கள் அதைப் பிரித்ததே இல்லை, கட்டிலின் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தீர்கள். உருவி எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் படம் போட்டு எழுதியிருக்கிறது. தட்டு வை, துணி விரி, மூடியை இடப்பக்கம் திருகு. நீங்கள் விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரால் சின்னக் கதவை நெம்பினேன். சமையலறை முழுக்கத் தண்ணீர். முழங்கால் வரை நனைந்துகொண்டு, தரையில் உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் கழற்றினேன். இது எழுதி வைக்கப்படட்டும்.

உள்ளே இருந்தவை: கொண்டை ஊசி மூன்று, ஒரு கார் சக்கரம், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட காலுறை ஒன்று, உங்கள் சட்டைப் பித்தான் இரண்டு. எல்லாவற்றையும் சுற்றி, பெயர் சொல்லத் தெரியாத ஒரு கறுப்பு. ரப்பர் மடிப்பையும் விரித்தேன். வெள்ளைத் துணியின் நிறம் கேட்டீர்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டேன், அதுதான் நிறம்.

காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். இரண்டு விரல்தான் அதற்குள் போகிறது.

இரண்டாவது செவ்வாயும் தடிப்பு இல்லை. இரண்டு மூடி ஊற்றியது தப்பு. ஏன் ஊற்றினேன் என்று நீங்கள் எழுதியதும் தப்பில்லை. மருந்துக்கடையில் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆலோசகர் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். தடிப்பு என் வீட்டிலிருந்து வந்தது என்று நானே என் வாயால் சொல்வேன். நீங்கள் மறக்கிறவர் என்பதையும் சொல்வேன். இரண்டும் உண்மை, ஒன்றுக்காக இன்னொன்றை விட மாட்டேன்.

என் ஃபில்டரில் கரடியின் கண் இல்லை. சல்லடையில் போட்டு அலசிப் பார்த்தேன். தேடாத இடம் இனி ஒன்றுதான் பாக்கி.

அவள் அம்மா


மார்ச் 30, ஞாயிறு

என் ஃபில்டரில் இல்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேன். தொழில்காரன் வீட்டு ஃபில்டர் அது, அதைச் சந்தேகப்படுவது சமையல்காரரிடம் உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி. திறக்க மாட்டேன்.

முழங்கால் தண்ணீரில் தனியாக உட்கார்ந்து கழற்றினாய் என்று படித்தபோது மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தட்டுக்குப் பதில் ரொட்டி சுடுகிற தகரத் தட்டம் வைத்தால் தண்ணீர் வழியாது. அடுத்த தடவைக்கு.

பட்டறைக்காரன்


ஏப்ரல் 6, ஞாயிறு

சுண்டெலியின் அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை ஆலோசகர் அறையில் நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கடைக் கவரில் ஃபில்டரில் எடுத்ததை எல்லாம் போட்டு, மேலே தேதி எழுதி, மேஜை மேல் வைத்தாய். "தடிப்புக்குக் காரணம் என் வீட்டு மெஷின், நான் போட்ட சோப்பு. இவர் வீட்டில் ஒரு தப்பும் இல்லை" என்றாய். அப்புறம் அதே மூச்சில், "இவர் மறந்துடுவார். அதுவும் எழுதிக்கோங்க" என்றாய். இரவு தங்கல் தொடரட்டும், புதன்கிழமையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீயே சொன்னபோது ஆலோசகர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது என்று நீ நினைத்திருப்பாய்.

காரணம் அது இல்லை. என் சட்டைப் பையில் கரடியின் கண் இருந்தது.

போன கடிதத்தில் திறக்க மாட்டேன் என்று வீராப்பாக எழுதினேன் இல்லையா? அன்று ராத்திரி உன்னுடைய கடைசி வரி என்னைத் தூங்க விட்டதா? மறுநாள் காலை குனிந்தேன். என் மெஷினின் ஃபில்டரை முதல் தடவையாகக் கழற்றினேன். உள்ளே இருந்ததை முழுசாக எழுத மாட்டேன், என் பிழைப்புப் போய்விடும். உன் கறுப்பு என் கறுப்பிடம் பிச்சை வாங்க வேண்டும். அதன் நடுவில் பழுப்பு நிறத்தில் கண் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொம்மைக் குளியலுக்கு முன்னால் எது ஆடுகிறது, எது தளர்ந்திருக்கிறது என்று இழுத்துப் பார்க்க வேண்டும். அதையும் ஊருக்குச் சொல்வேன்.

நீ கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயே, அந்த அரை மணி நேரம் முழுக்க அது என் மெஷினில்தான் இருந்தது. நான் சத்தியம் பண்ணினேன். நீ ஆலோசகர் அம்மாவுக்கு முன்னால் உன் தப்பைச் சொன்னாய். நான் பையில் கையை விட்டு அதைத் தடவிக்கொண்டு, புதன்கிழமை கிடைத்துவிட்டதே, இப்போது வாயைத் திறந்தால் போய்விடுமே என்று உட்கார்ந்திருந்தேன். அதனால் நேற்று ஆலோசகர் அம்மாவுக்கும் இதை அப்படியே எழுதி, தபாலில் போட்டுவிட்டேன். புதன்கிழமையைத் திரும்ப எடுத்துக்கொள்வதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சண்டை போடுவேன், ஆனால் ஒளித்து வைத்துக்கொண்டு போட மாட்டேன்.

தவளையாரின் தோலில் வலது கால் தையலைச் சரி பண்ணி, வயிற்றில் ஒரு ஜிப் வைத்துத் தைத்து நீ அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். ஜிப்பில் நீ கட்டியிருந்த மருந்துச் சீட்டையும் படித்தேன். "துவைக்கும் முன் காலி செய்யவும்." சுண்டெலியும் நானும் மறுபடியும் பச்சைப்பயறுதான் போட்டிருக்கிறோம். புனலை இந்தத் தடவை கடைசி வரைக்கும் நானே பிடித்தேன். நடுவில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

கண்ணையும் நானே தைத்தேன். நான்கு தடவை விரலில் குத்திக்கொண்டேன், சுண்டெலி ஒவ்வொரு தடவையும் எண்ணினாள். இழுத்துப் பார்த்துவிட்டேன், இனி வராது. ஆனால் இடம் கொஞ்சம் மேலே போய்விட்டது. ஒத்தக்கண்ணன் இப்போது எதையோ பார்த்து ஆச்சரியப்படுகிற மாதிரி இருக்கிறான். மாற்றித் தைக்காதே, அப்படியே இருக்கட்டும். அவன் அந்த ஃபில்டருக்குள் பார்த்ததை எல்லாம் நினைத்தால் ஆச்சரியப்படாமல் என்ன செய்வான்?

இப்படிக்கு,
சுண்டெலியின் அப்பா